வற்றாப்பளைப் பொங்கல்: உப்புநீர் விளக்கும் புக்கைப் பானையும்

முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகிறவர்கள் முதலில் பிழைவிடுவது நாளில்தான். கலண்டரில் வைகாசி விசாகம் என்று கண்டதும் வான் பிடித்துவிடுவார்கள். கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமை. ஆலயம் அறிவிக்கும் திங்களைக் கேட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

மதுரையை எரித்த சீற்றம் ஆறாமல் ஈழத்துக்கு வந்த கண்ணகி, ஒவ்வோர் இடமாகத் தங்கிப் பத்தாவதாக இளைப்பாறிய இடம் பத்தாம்பளை. அதுவே வற்றாப்பளை ஆனது என்பது ஊர்வழக்கு. நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பொடியள் கண்டது பசித்துக் களைத்த ஒரு கிழவியை. இலைகுழையால் பந்தல் போட்டார்கள், புக்கை என்கிற பொங்கற்சோறு பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. “கடல் தண்ணியை அள்ளி ஊத்தி எரியுங்கோ” என்றாள் கிழவி. எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்துபோனாள்.

இன்றைக்கும் நடக்கும் சடங்கு இந்தக் கதையின் வழியேதான் போகிறது. பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முந்திய திங்கள் பாக்குத்தெண்டல், அதாவது விழாவுக்குப் பாக்குக் கேட்டு வாங்கும் சடங்கு. அடுத்த திங்கள் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுப்பு. அந்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை விளக்கெரியும். ஞாயிறு அங்கே பொங்கல். திங்கள் மடைப்பண்டம் என்கிற படையல் பொருட்கள் வற்றாப்பளைக்கு வரும். ஒரு நாள் திருவிழா என்று நினைத்து அன்றைக்கு மட்டும் போகிறவர்கள் காட்டா விநாயகரைத் தவறவிடக்கூடாது என்பது என் எண்ணம். விளக்கின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இனிப் பானைக்கு வருவோம். நாலு சுண்டு (அரிசி அளக்கும் பேணி) பச்சையரிசிக்கு ஒரு சுண்டு வறுத்துக் கோது நீக்கிய பயறு, மூன்று தேங்காய், ஒரு கிலோ சர்க்கரை. பானை இருபது சுண்டுக்குக் குறையாமல் கொள்ள வேண்டும். புது மண்பானையை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறாத பானை நெருப்புக் கண்டதும் வெடிக்கும்.

தேங்காயின் முதற்பாலை எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பாலோடு தண்ணீர் கலந்து பானையைக் கழுத்துவரை நிரப்புங்கள். குறைய விட்டால் பொங்கி வழியாது. பிறகு சகுனம் சரியில்லை என்று மனம் கலங்குவீர்கள். குற்றம் அளவில்தான். வழிந்ததும் இரண்டு மூன்று அகப்பை பாலை வெளியே எடுத்துவிட்டு, அரிசியைக் கைநிறைய அள்ளிப் பானையை மூன்று முறை சுற்றிப் போட வேண்டும். மிச்ச அரிசியும் பயறும் அதன் பின்னால். எடுத்த பாலை, இறுக இறுக விட்டுக்கொள்ளலாம்.

அரிசி விரலில் மசிந்த பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் எவ்வளவு எரித்தாலும் அரிசி நறுக்கென்றுதான் நிற்கும். முதற்பால் கடைசியில், தணலில்; கொதிக்க விட்டால் திரைந்துவிடும். கஜுவும் (முந்திரிப்பருப்பு) பிளம்ஸும் (உலர்திராட்சை) போடுவது அவரவர் விருப்பம். அம்மனுக்கு அந்தப் பொடியள் கொடுத்தது வெறும் புக்கை.

வைகாசியில் சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காற்று வரும் பக்கம் அடுப்பு வாயை வைத்தால் தீ மறுபக்கத்தால் வெளியே ஓடும். பானையின் ஒரு பக்கம் அடிப்பிடிக்கும், மற்றப் பக்கம் கொதிக்காது. வாயைக் காற்றுக்கு மறுபக்கம் வைத்து, காற்று வரும் பக்கத்தை நாலைந்து கல்லால் மறையுங்கள்.

பொங்கிப் படைத்ததும் தணலை மணலால் மூடிவிட்டுப் போவது பெரிய பிழை. மணலுக்கடியில் தணல் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். பின்னால் காவடியும் பாற்செம்பும் எடுத்து வருகிறவர்களின் காலில் செருப்பு இராது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, புகை அடங்கிய பிறகு கல்லைப் பிரியுங்கள்.