எண் கோட்டில் நின்று பார்த்தால்

எண்களை அருகிலுள்ள பத்துக்கோ நூற்றுக்கோ முழுமையாக்கக் கற்றுத்தரும்போது, "ஐந்துக்குக் குறைந்தால் கீழே, இல்லையென்றால் மேலே" என்ற விதியை மட்டும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. முதலில் ஓர் எண் கோடு வரையுங்கள். 40, 50 இரண்டையும் குறித்துவிட்டு, "47 எதற்குப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். விரல் தானாக 50-க்குப் போகும். 45 சரிநடுவில் நிற்கிறது. அங்கே மேலே போவது நாம் பேசிவைத்துக்கொண்ட வழக்கம் என்று சொல்லிவிடலாம்.

நேற்று என் மகளிடம் 347-ஐ அருகிலுள்ள நூற்றுக்கு முழுமையாக்கச் சொன்னேன். முதலில் 350 ஆக்கி, அதிலிருந்து 400 என்று எழுதினாள். எவ்வளவு அழகான தவறு! கோட்டைக் காட்டினேன். 300-க்கு 47 அடி, 400-க்கு 53 அடி. எண்ணிப் பார்த்தவள், தானே அழித்துவிட்டு 300 என்று எழுதினாள்.