அசையாமல் நிற்கும் சோதனை எதைச் சொல்கிறது?

அசையாமல் நிற்பதாகத் தோன்றும் உடலும் ஓயாமல் சிறிதளவு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண்களும் உட்செவியும் பாதங்களும் மூட்டுகளும் தரும் செய்திகளைக் கொண்டு மூளை தசைகளைக் கணந்தோறும் திருத்துவதால்தான் நாம் விழுவதில்லை. இந்த ஆட்டத்தை அழுத்தம் உணரும் பலகையில் அளந்த ஆய்வுகள் பலவற்றில், பத்து வயதையொட்டிய சிறுமியர் அதே வயதுச் சிறுவர்களைவிடக் குறைவாகவே ஆடினார்கள்.

பெண்களுக்குச் சமநிலை பிறவியிலேயே கூடுதல் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது சரியல்ல. உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சிறுமியருக்குச் சராசரியாக 12 வயதையொட்டியும் சிறுவர்களுக்கு 14 வயதையொட்டியும் வருகிறது. ஆகவே 13 வயதான இருவரை அருகருகே நிறுத்தும்போது, பெரும்பாலும் அந்த உச்சத்தைக் கடந்துவிட்ட ஒருத்தியையும் அதை இன்னும் எட்டாத ஒருவனையும்தான் ஒப்பிடுகிறோம். உடற்பகுதிக்கு முன்பே கால்கள் நீண்டுவிடுவதால், பழகிய அளவுகளை மூளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் தடுமாறும் பையனைக் கவனக்குறைவானவன் என்று திட்டுவது அநியாயம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது மாணவியரின் நிலை. நிற்கும் சோதனையில் நன்றாகச் செய்பவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை என்று எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆனால் பூப்புக்குப் பிறகு, கால்பந்து, கூடைப்பந்து போன்று ஓட்டத்தில் சட்டெனத் திரும்பியும் குதித்தும் ஆடும் விளையாட்டுகளில், முழங்கால் மூட்டை நிலையாகப் பிடித்திருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். குதித்துத் தரையிறங்கும் நொடியில் முழங்கால் உள்நோக்கிச் சாய்வது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நின்ற நிலையில் எடுக்கும் அளவீடு இதைக் காட்டிக்கொடுக்காது.

இது பயிற்சியால் மாறக்கூடியது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,800க்கும் மேற்பட்ட கால்பந்து வீராங்கனைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ‘11+’ என்ற ஆயத்தப் பயிற்சியை மேற்கொண்ட குழுவில் கடுமையான காயங்கள் மற்றக் குழுவைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தன. அதற்குத் தேவைப்படுவது சுமார் 20 நிமிடம்: மெதுவான ஓட்டம், தசை வலுவுக்கான பயிற்சிகள், ஒற்றைக் காலில் நின்றபடி தோழியுடன் பந்தை எறிந்து பிடிப்பது, முழங்காலை உள்ளே சாயவிடாமல் மென்மையாகத் தரையிறங்குவது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதால், பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்பிலிருந்தே, மாணவர் மாணவியர் இருபாலருக்கும் இதைத் தொடங்கிவிடலாம்.