17 இன்ச் ஆசை

புது கார் வந்து மூன்று வாரம் ஆகிறது. வண்டியில் குறை என்று எதுவும் இல்லை, சக்கரத்தைத் தவிர. 15 இன்ச் இரும்பு ரிம், அதன் மேல் பிளாஸ்டிக் வீல் கேப். பக்கவாட்டில் நின்று பார்த்தால் உடம்பு பெருத்து கால் மட்டும் சிறுத்தது மாதிரி தெரிகிறது. இதே வண்டியின் மேல் மாடல் 17 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை) வீலோடு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால் கண் அங்கேயேதான் போகிறது. மாற்றிவிடலாமா என்று மூன்று வாரமாக இதே யோசனைதான்.

முதலில் டயரில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். என்னுடையது 195/65 ஆர்15. அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 127 மி.மீ. மேல் மாடலில் 225/45 ஆர்17. அதில் பக்கச்சுவர் 101 மி.மீ.தான். ஆனால் தரையிலிருந்து உச்சி வரை சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 634 மி.மீ. அது மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆக, ரிம் பெரிதாகும் இடம் முழுக்க ரப்பரிடமிருந்து எடுத்ததுதான். 26 மி.மீ. என்று கேட்டால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைத்துப் பார்த்தேன், ஒன்றரை விரல் அகலம். வண்டி குழியில் இறங்கும்போது முதலில் அமுங்கிக்கொடுப்பது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான், சஸ்பென்ஷன் அதற்கு அப்புறம்தான்.

நண்பன் ஒருவன் இப்படித்தான் பெரிய ரிம் மாற்றினான். ஒரே ஒரு குழி, இருட்டில் கவனிக்கவில்லை, மறுநாள் காலையில் பார்த்தால் டயரின் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோய் காற்று வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். அதற்கு ஒட்டு போட முடியாது, டயரையே தூக்கிப்போட வேண்டியதுதான். தொட்டுப் பார்த்தேன், அந்த இடம் மட்டும் மெத்தென்று இருந்தது. அதே வண்டியில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போயிருந்தால் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அலாய் என்றாலே எடை குறைவு என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதே அளவில் என்றால் பெரும்பாலும் சரி. ஆனால் 17 இன்ச் ரிம்மும் அகலமான டயரும் சேர்ந்தால் பழைய இரும்பு ரிம்மை விடக் கனமாகவே ஆகிவிடலாம், மைலேஜும் கொஞ்சம் குறையும். நல்லது இல்லாமல் இல்லை, வளைவில் டயர் அதிகம் நெளியாமல் வண்டி பிடித்துக்கொண்டு போகும், ஸ்டியரிங் சொன்னவுடன் கேட்கும். தனியாக ஓட்டுகிறவனாக இருந்திருந்தால் நான் இந்நேரம் மாற்றியிருப்பேன்.

அப்புறம் பொருத்தம். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, நடு ஓட்டையின் அளவு, ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்கிற ஆஃப்செட் எல்லாம் ஒத்துவர வேண்டும். டயரின் லோட் இண்டெக்ஸும் குறையக் கூடாது. என் டயரில் 91 என்று இருக்கிறது, ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறுகிற வண்டியில் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன், பளபளப்பை இல்லை.

முடிவு எடுக்க வைத்தது அம்மா. மேல் மாடலை ஒரு முறை ஓட்டிப் பார்க்க வாங்கி, இடுப்பு வலிக்காரரான அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கரடுமுரடான ஒரு தெருவில் மெதுவாகப் போனேன். நான் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது அவராகவே, "நம்ம வண்டி இவ்வளவு தூக்கிப் போடாதுப்பா" என்றார்.

சரி, 15 இன்ச்சே இருக்கட்டும். இந்த டயர் தேய்ந்து மாற்றும்போது இதே அளவில் ஒரு நல்ல அலாய் கிடைத்தால் பார்க்கலாம், ஸ்டெப்னியும் அப்படியே பொருந்தும். இன்று காலை வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நான்கிலும் காற்று சரிபார்த்தேன். பின் இடது பக்கம் மட்டும் மூன்று பாயிண்ட் குறைவாக இருந்தது, நிரப்பிவிட்டேன்.