தரவையில் மட்டக்குதிரை, களப்பில் பூநாரை

ஈரநிலப் பறவையும் குதிரையும் பார்க்க யாழ்ப்பாணம் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, நடுவில் இரண்டு நாளைக் குதிரையுள்ள நெடுந்தீவுக்கும் பறவையுள்ள சுண்டிக்குளத்துக்கும் ஒதுக்குகிறார்கள். திருவிழாவுக்கு அது சரியான காலம். பறவைக்கு அது பிழையான காலம். அந்த மாதத்தில் கடல்நீரேரியான களப்பின் ஓரங்கள் வற்றி வெடித்துக் கிடக்கும், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும், வலசை வாத்து ஒன்றும் இராது. இங்கே எல்லாம் தண்ணீரைப் பார்த்துத்தான் நடக்கிறது. பயணத்தையும் அதைப் பார்த்தே போட வேண்டும்.

ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிடுகிறது. அந்த மாரியின்போது களப்பில் தண்ணீர் உயரமாக நிற்கும். பறவை வந்திருக்கும், ஆனால் ஆழம் கூடிப்போனதால் கரையிலிருந்து எட்டாத தூரத்தில் சிதறி நிற்கும். தை நடுப்பகுதியிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்க, முழங்காலளவுத் தண்ணீரும் ஈரச் சேறும் கரைக்குக் கிட்ட வரும். இரையும் அங்கேதான் ஒதுங்கும். தை நடுவிலிருந்து பங்குனி நடுவரை இரண்டு மாதம்தான் பொன்னான காலம். நெடுந்தீவின் வெட்டவெளி மேய்ச்சல்நிலமான தரவையில் புல்லும் அப்போது பச்சையாக இருக்கும். மட்டக்குதிரைகள் உடம்பு தேறி மினுக்கத்தோடு நிற்கும்.

நெடுந்தீவுக்குப் போக, யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். படகு நேரம் காலநிலையாலும் பழுதாலும் மாறும். முதல்நாளே ஆரையாவது கேட்டு உறுதிப்படுத்தாமல் வெளிக்கிடவேண்டாம். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். ஆகவே ஒரு மாற்று உடுப்பும் அன்றாட மருந்தும் பையில் இருக்கட்டும். சோளகக் காலத்தில் படகின் முன்பக்கம் ஏறி ஏறி அடிக்கும். சத்தி வருகிறவர்கள் நடுவுக்குச் சற்றுப் பின்னால், வெளிக்காற்றுப் படுகிற இடத்தில் இருந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு போனால் பாதி உபாதை குறையும். உள்ளே கீழ்த்தட்டில் குனிந்து தொலைபேசி பார்க்கிறவர்களே முதலில் சுருளுவார்கள்.

குடியிருப்பு பெரும்பாலும் தீவின் வடக்கே. குதிரைகள் தெற்கிலும் மேற்கிலும் விரிந்த தரவைகளில். இறங்குதுறையில் ஓட்டோவோ பிக்கப்போ பிடிக்கும்போது பெருக்கமரம், கோட்டை, வளருங்கல் என்று வழமையான சுற்றைச் சொல்வார்கள். முதலில் குதிரை, மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லிவிடுங்கள். வெயில் ஏறினால் குதிரைகள் அசையாமல் நிற்கும், உங்கள் தலையும் காயும். தலைக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். தீவாரின் கிணற்றை நம்பிப் போவது நியாயமில்லை.

ஏன் நியாயமில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமான இந்த நிலத்தில் மழைத்தண்ணீர் கீழே இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதே கணக்குத் திரும்பியும் வேலை செய்யும். மேலே ஒரு அடி குறைய, கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறும். அதனால்தான் ஆழமான கிணறு உவர்க்கிறது, ஆழமில்லாத பூவலும் துரவும் நல்ல தண்ணீர் தருகின்றன. ஒரு நடுத்தரக் குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 50 லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். மட்டக்குதிரைக்கு உடம்புக்கேற்பக் குறைவு. கேணிகள் வற்றுகிற நீண்ட கோடையில் அந்தக் குறைவும் கிடைக்காமல் குதிரைகள் செத்திருக்கின்றன.

இந்தக் குதிரைகள் போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் பெருக்கப்பட்டவை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுகிற வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பைப் பார்த்துக்கொண்டார். லாயத்தின் கற்தூண்கள் இன்னும் நிற்கின்றன. வளர்ப்பு நின்ற பிறகு கேட்பாரற்றுத் தரவையில் பெருகியவைதான் இன்றைய மந்தைகள். 2015இல் தீவின் 1,846 ஹெக்டேயர் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அந்த மந்தைகளைப் பார்க்கிற முறை ஒன்றிருக்கிறது. ஒரு பொலிக்குதிரை, அதோடு சில பெட்டைகள், குட்டிகள் என்று குடும்பமாகத்தான் மேயும். நேராக நடந்து போகாதீர்கள், வேட்டை விலங்கு அப்படித்தான் வரும். அவற்றைக் கடந்து வேறெங்கோ போகிறவர்போலச் சாய்கோட்டில், காற்றுக்கு எதிராக நடவுங்கள். மேய்கிற தலை ஒன்று நிமிர்ந்து இரண்டு காதும் உங்கள் பக்கம் திரும்பினால், அதுதான் எல்லை. அதே இடத்தில் நின்று, பக்கவாட்டில் திரும்பி, நிலத்தைப் பாருங்கள். தலை மறுபடி புல்லுக்கு இறங்கினால் இன்னும் பத்து அடி கிடைக்கும். பொலிக்குதிரை மந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நின்றால் பின்வாங்குங்கள். காதைப் பின்னுக்கு ஒட்டிக் கழுத்தைத் தாழ்த்தினால் அது துரத்த ஆயத்தம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் ஒருபோதும் போகவேண்டாம்.

குந்தியிருந்து குளம்பைத் தொலைநோக்கியில் பாருங்கள். லாடம் இல்லை, சீவிவிட ஆளில்லை. ஆனாலும் முன்விளிம்பு உருண்டு, கத்தியால் வெட்டியதுபோல் ஒழுங்காக இருக்கும். முருகைக்கல் தரை அந்த வேலையைச் செய்கிறது. எந்நேரமும் சேற்றிலே நிற்கிற குதிரைக்குக் குளம்பு மென்மையாகி, வளர்ந்து பிளக்கும்.

பாணும் பிஸ்கட்டும் நீட்டவே வேண்டாம். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் புளித்து ஊதினால் செத்தும் போகலாம். கோடையில் தண்ணீர்த் துறையை மறித்து நின்று படம் எடுப்பதும் அதே அளவு கொடுமை. அரை மைல் தள்ளி நின்று, மந்தை குடித்துவிட்டுப் போகும்வரை காத்திருங்கள். ஏறிப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் மறுமொழி ஒன்றுதான்: கூடாது. கடிவாளம் அறியாத காட்டுக்குணக் குதிரை உங்கள் இடுப்பை உடைக்கும். பிடித்துக் கட்டுகிற பதற்றத்தில் அதுவும் காலை முறிக்கும்.

இனிப் பறவை. பண்ணை, பொன்னாலைப் பாலங்களின் இரு பக்கமும், நாவற்குழி – கைதடி வெளியும், சரசாலைக் கண்டல்காடும் நகரத்துக்குக் கிட்ட. நாள் முழுவதும் ஒதுக்கக்கூடியவர்களுக்குச் சுண்டிக்குளம். அது 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவானது. பரப்பு 19,565 ஹெக்டேயர். வடமராட்சி கிழக்கால் மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகவும் போகலாம், பரந்தன் பக்கத்தாலும் போகலாம். மழைக்குப் பிறகு மணற்பாதை இளகியிருக்கும், தாழ்ந்த கார் புதையும். இன்னும் தென்மேற்கே போக விரும்பினால் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி கடந்து மன்னார் வங்காலை. 4,839 ஹெக்டேயரான அந்தச் சரணாலயம் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்தது.

ஆனையிறவு, முகமாலை, சுண்டிக்குளம் சுற்றாடலில் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகையோ சிவப்புப் பூசிய கட்டையோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. எவ்வளவு அழகான பறவை நின்றாலும் தடம் விழுந்த பாதையைவிட்டு இறங்காதீர்கள். மழைவெள்ளம் வெடிபொருளை இடம் நகர்த்தும். சுண்டிக்குளத்தில் முதலையும் உண்டு, தண்ணீருக்குள் காலை நனைத்து நடக்கும் ஆசை வேண்டாம்.

எங்கள் களப்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆழமில்லாத தண்ணீரைக் காற்றுத்தான் அங்குமிங்கும் தள்ளுகிறது. ஆகவே நேற்று பூநாரை நின்ற கரை இன்று வெறுமையாக இருந்தால், காற்று மாறியதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் ஒதுங்கிய மறுகரையில் நிற்கும். விடிய ஆறரைக்குள் இடத்தில் இருக்கவேண்டும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு கானல் எழும்பிவிடும். அதற்குமேல் 60 மடங்கு பெருக்குகிற தொலைநோக்கி வைத்திருந்தாலும் உருவம் நெளியும். கையில் பிடித்துப் பார்க்கிற இருகண் நோக்கி 8×42 போதும். பூநாரைக் கூட்டம் கழுத்தை உயர்த்தி, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். அந்தக் கணமே நின்றால் பறக்காது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் அது மேலெழ வேண்டும், ஒவ்வொரு எழும்புதலும் அதற்குத் தின்ற இரையின் செலவு. ட்ரோன் அனுப்புகிறவர்கள் செய்கிற கேடு இதுதான்.

தண்ணீர் வடிந்த சேற்றில் வட்ட வட்டமாக, நடுவில் சிறு மேடும் சுற்றிவரப் பள்ளமுமாகத் தடங்கள் தெரியும். பூநாரை ஒரே இடத்தில் காலால் மிதித்துச் சுற்றிச் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாக வைத்து வடித்துத் தின்றதன் அடையாளம் அது. வட்டத்தின் விளிம்பு கூராக இருந்தால் புதிது. நாளை விடிய அங்கேயே வந்து இருங்கள்.

குதிரைமேல் இருந்தே ஈரநிலம் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பழக்கிய குதிரை உள்ள இடம் வேண்டும். பிரான்சில் இருக்கிற எங்கட ஆட்களுக்குக் கமார்க் கிட்டத்தான். ரோன் ஆற்றின் கழிமுகம் அது, ஆர்ல் நகருக்குத் தெற்கே. எங்கள் பண்ணைப் பாலத்தடியில் நிற்கிற அதே பெரும் பூநாரை இனம் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அந்தப் பிரதேசத்து வெள்ளைக் குதிரைகள் கறுப்பாகவோ கபிலமாகவோ பிறந்து, சில ஆண்டுகளில் வெளுப்பவை. சேற்றில் கால்வைக்க அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. புதியவர்களுக்கு ஒன்று, இரண்டு மணித்தியால நடைச் சவாரி உண்டு. நுளம்பு மிக மோசம். கோடையை விட்டு, சித்திரையிலோ புரட்டாதியிலோ போங்கள்.

பொட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ வேறு தரம். அங்கோலாவில் பெய்த மழை மெல்ல ஊர்ந்து வந்து, அங்கே மழையே இல்லாத ஆனி – ஆவணியில் வெள்ளமாக விரியும். முகாமுக்குச் சிறிய விமானத்தில்தான் போகவேண்டும். கைப்பையோடு சேர்த்து 20 கிலோ, அதுவும் சட்டகம் இல்லாத மென்பை. நாளுக்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலம் சேணத்தில் இருக்கவேண்டும். யானையோ சிங்கமோ எதிர்ப்பட்டால் பாய்ச்சலில் விலகத் தெரிந்தவர்களை மட்டுமே ஏற்றுவார்கள். நுவரெலியாவில் ஒருவர் கயிறு பிடிக்கச் சுற்றிய சவாரி இதற்குக் கணக்கில் வராது. மலேரியா உள்ள பகுதி, தடுப்பு மருந்து அவசியம். இலங்கை 2016இலேயே மலேரியா அற்ற நாடாகிவிட்டதால் இங்கத்தைய வைத்தியருக்கு உடனே அந்த நினைவு வராது. திரும்பி வந்தபின் காய்ச்சல் என்றால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

எடைக் கணக்கை மறைக்காதீர்கள். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. 400 கிலோக் குதிரைக்கு 80 கிலோ, அதில் சேணமே எட்டுப் பத்துக் கிலோ. பொய் எடை சொன்னால் குதிரையின் முதுகு புண்ணாகும். சப்பாத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் குதி இருக்கட்டும். தட்டையான சப்பாத்து, கால்வைக்கிற வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும், விழுந்தால் கால் மாட்டி இழுபடுவீர்கள். நனைந்த ஜீன்ஸ் தையல் தொடையை அறுக்கும், தையல் இல்லாத நீள்காற்சட்டைதான் சரி. தலைக்கவசம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அங்கவடியின் நீளத்தை ஏறுமுன்னே அளக்கலாம். விரல்நுனியைச் சேணத்தின் வளையத்தில் வைத்து வாரை நீட்டினால் அங்கவடி அக்குளைத் தொடவேண்டும். வயிற்றுவாரை ஏறுமுன் ஒருதரம் இறுக்கி, பத்து நிமிடம் நடந்தபின் மறுபடி பாருங்கள். இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், நடந்தபின் வார் தளரும். சேணம் சுழன்று விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பார்வையை விட்டதால்தான்.

சதுப்பில் முன்னால் போகிற குதிரையோடு ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டு, அதே தடத்தில் போங்கள். கண்ணைப் பறிக்கிற இளம்பச்சை மெத்தைபோலத் தெரிவதுதான் அடியில்லாத சேறு. குதிரை தலையைத் தாழ்த்தி மோந்து தயங்கினால் கடிவாளத்தை இளக்கி விடுங்கள், அது நிலத்தைப் படிக்கிறது. முழங்கால்வரை புதைந்தால் முன்னுக்கு உதைக்காமல் வந்த வழியே திருப்புங்கள். வயிறுவரை போய்விட்டால் இறங்கி, அது பாய்ந்து எழும்பும்போது முன்காலுக்கு எட்டாத தூரம் விலகி நில்லுங்கள். தண்ணீருக்குள் நின்று ஒரு காலால் அடிக்கத் தொடங்கினால் குளிர்ச்சியில் விளையாடுகிறது என்று சிரிக்காதீர்கள். அடுத்த நொடி படுத்துப் புரளப் போகிறது. குதியால் தட்டி, தலையை மேலே தூக்கி, உடனே முன்னுக்கு நடத்துங்கள்.