ஐஸ் உருகட்டும்

கல்லூரி முதல் வருட விடுமுறையில் அம்மாவுக்கு உதவப் போய், ஒரு பெட்டி சங்கரா மீனைக் கெடுத்தேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்பாள் அம்மா. அன்று அவளுக்குக் காய்ச்சல். ஐஸ் போடும் வேலை என் கைக்கு வந்தது. தூள் ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடுகிறதே, காசு வீண்தானே என்று கணக்குப் போட்டு, பெரிய பெரிய கட்டிகளாகப் பொறுக்கி மீனுக்கு நடுவில் வைத்தேன். மதியம் திறந்தால் கட்டிகள் ஜம்மென்று இருக்கின்றன. மீன்தான் கண் குழிந்து, செவுள் வெளுத்துக் கிடந்தது.

அம்மா திட்டவில்லை. "ஐஸ் உருகலன்னா மீன் உருகும்டா" என்றாள், அவ்வளவுதான்.

நான் அப்போது வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் கேவலம். பூஜ்ய டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், அதே பூஜ்ய டிகிரித் தண்ணீராக மாற 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு அந்தத் தண்ணீரை 80 டிகிரிவரை சுட வைத்துவிடலாம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்த 80 கலோரியை ஐஸ் மீனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதால்தான் மீன் குளிர்கிறது என்பது மட்டும் உறைக்கவில்லை. கட்டி ஐஸ் மீனை அங்கங்கே தொடும். தூளும் உருகிய தண்ணீரும் மீனைச் சுற்றி முழுக்கத் தொடும்.

தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இழுத்துப் பிடித்திருக்கிறது. கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு அந்தப் பிடியைத் தளர்த்தவே செலவாகிவிடுகிறது. பிடி இல்லையென்றால் என்ன ஆகும் என்று தெரிய உப்பனாற்றுக் கரைக்குப் போனால் போதும். கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு. தண்ணீரைவிட எடை கூடிய மூலக்கூறு, ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீரும் அப்படி இருந்திருந்தால் கடலும் இல்லை, மீனும் இல்லை, ஏலமும் இல்லை. (ஐஸ் மிதப்பதால் ஏரிக்கு அடியில் மீன்கள் பிழைக்கின்றன என்பதைத்தான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. உறைந்த ஏரியைக் கடலூர்க்காரன் எங்கே பார்த்தான்?)

நாங்கள் பார்ப்பது இதை: கத்திரி வெயிலில் தேவனாம்பட்டினம் மணலில் கால் வைக்க முடியாது, பத்தடி தள்ளி அலையில் நின்றால் சுகமாக இருக்கும். ஒரே வெயில்தான். தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், அதே எடை மணலை ஐந்து டிகிரி ஏற்றிவிடும். அதனால்தான் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று ஊருக்குள் வருகிறது. விருத்தாசலத்துச் சொந்தக்காரர்கள் மே மாதம் எங்கள் வீட்டில் டேரா போடுவதும் அதனால்தான்.

ஆனால் லேசில் சூடாகாதது லேசில் ஆறவும் ஆறாது. மார்கழியில் நாங்கள் போர்வைக்குள் சுருண்டாலும், கடல் கோடையின் சூட்டை இன்னும் கொஞ்சம் வைத்திருக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் அப்படித்தான் வந்து இறங்கியது. கடலிலிருந்து ஆவியான தண்ணீர் மேகமாகக் குளிரும்போது, வாங்கிய வெப்பத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. புயலுக்கு அதுதான் தீனி. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஒரு பாதி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் ஃபிரிட்ஜ் வந்த பிறகும் அம்மா மண்பானையை விடவில்லை. வறண்ட மேல்காற்று அடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் தொண்டையில் சிலீரென்று இறங்கும். கசியும் ஒவ்வொரு கிராமும் 580 கலோரி அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறதே. கடற்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால் பானையின் வேர்வையும் காயாது, நம் வேர்வையும் காயாது. அந்த நாளில் அம்மா பானையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஃபிரிட்ஜைத் திறப்பாள்.

முட்டி வலியால் அம்மா இப்போது வியாபாரத்துக்குப் போவதில்லை. போன வாரம் மீன் வாங்க மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். விலை கேட்கவில்லை, செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து, பெட்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தாள்.