அப்பத்தாவும் முந்தானையும்: கரியில் ஒரு முகம், நாலாவது வாரம்

யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அப்பத்தா முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்வாள். முன்பல் போனதிலிருந்து இப்படித்தான். அவளை வரைய ஆரம்பித்து நாலு வாரமாகிறது.

முதலில் ஆதார் அட்டைப் படத்தைப் பார்த்து வரைந்தேன். வாய் தெரிகிற படம் வீட்டில் அது ஒன்றுதான். பென்சிலில் கட்டம் போட்டுச் செய்ததால் அளவெல்லாம் சரியாகவே வந்தது. காட்டினேன். "யாரு ஆத்தா இது, நம்ம சனமா?" என்றாள்.

அடுத்தது நேரில் உட்கார வைத்து, வாயை மூடிய முந்தானையோடு. துணி முகமூடி மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது. அதுவும் போச்சு.

அப்போதுதான் ஓவியர் ஃபிராங்க் ஆவர்பாக் வரைந்த கரித் தலைகளைத் தேடிப் பார்த்தேன். 1931ல் பெர்லினில் பிறந்தவர்; 1939ல், எட்டு வயது நிரம்புமுன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். 1950களின் பிற்பாதியில் தொடங்கி அவர் வரைந்த அந்தப் பெரிய தலைகளில், ஒவ்வொரு முறை ஆள் வந்து உட்காரும்போதும் முந்தின முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வரைவார். தாள் கிழிந்தால் ஒட்டுப் போட்டு அதன் மேலேயே வரைவார். துடைத்த முகமெல்லாம் சாம்பல் நிறத்தில் அடியில் கிடக்கும். அந்தச் சாம்பலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் கெட்டியான தாளும் வில்லோ மரக் கரிக்குச்சியும் வாங்கினேன். அழுத்திச் செய்த கரி வேண்டாம், அது தாளைக் கவ்விக்கொள்ளும், துடைத்தால் போகாது. வில்லோ கரி பழந்துணி பட்டாலே உதிர்ந்து மெல்லிய நிழலை விட்டுவிட்டுப் போகும்.

இந்த முறை அப்பத்தாவின் வாயை முழுசாக வரைந்தேன். உள்ளே மடிந்த மேலுதடு, பல் இல்லாத இடம், ஓரச் சுருக்கம் எல்லாம். பிறகு உள்ளங்கையால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு அதன் மேல் முந்தானையைப் போட்டேன். துணிக்கு அடியில் வாய் இருப்பது தெரிந்தது! சிரிப்பில் துணி லேசாக உப்பிய இடத்தை, பிசைகிற ரப்பரைக் கூராக்கி ஒற்றி ஒற்றி வெளிச்சமாக்கினேன். ஒரு இடத்தில் தாள் நைந்து கிழிந்தது, பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

நேற்றுக் காட்டியபோது அப்பத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தாள். "நாந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "காதுல தண்டட்டி போட்டு வரஞ்சிரு, ஆத்தா."

அப்பாவின் காலேஜ் ஃபீஸுக்கு விற்ற தண்டட்டி அது. தோள் வரைக்கும் தொங்கும் வெறுங்காதை நான் ஏற்கெனவே வரைந்துவிட்டேன், இந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். துடைக்கவில்லை, கரி உதிராமல் பிடித்துவைக்கிற ஃபிக்ஸேட்டிவும் இன்னும் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.