ஒரே சீட்டு, இரண்டு பேருந்து

காட்பாடி ரயில் நிலையத்தருகே பாகாயம் செல்லும் தனியார் பேருந்தில் ஏறி, மறதியாக அரசுப் பேருந்துக்கான மாத அட்டையை நீட்டினேன். விரலிடுக்கில் ரூபாய் நோட்டுகளை மடித்துச் செருகியிருந்த நடத்துநர், "இது இங்க செல்லாதுங்க" என்று சிரித்தார்.

அரசுப் பேருந்துக்கும் தனியார் பேருந்துக்கும் பொதுவான சீட்டு வேண்டுமென்றால் போட்டியாளர்களான இரு தரப்பும் கூடிப் பேசி விலை குறிக்க வேண்டும். அத்தகைய உடன்பாட்டைப் போட்டிக்குக் கேடு என்றே இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அனுமானிக்கிறது. பிரிட்டன் இதற்கென 2001இல் விலக்கு ஆணை பிறப்பித்தது: பொதுச் சீட்டின் விலையைச் சேர்ந்து முடிவு செய்யலாம், ஆனால் அவரவர் சொந்தச் சீட்டின் விலையைக் கலந்து பேசக் கூடாது, பொதுப் பயண அட்டையின் வருவாயைப் பயணிகள் சென்ற தொலைவுக்கேற்பப் பங்கிட வேண்டும். (பங்கீட்டில்தான் சண்டை மூளும் என்று ஊகித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.) இங்கோ கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் கூடிப் பேசி விலையேற்றும் அச்சம் குறைவென்றே நினைக்கிறேன், தேவைப்பட்டால் போட்டிச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு விலக்கு அறிவிக்கலாம்.